மைனருக்கு 'நாலு ஓட்டை' போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் பழைய கார்களைப் பற்றி நீங்கள் போட்ட பக்கத்தை ஆசையோடு வாசித்தேன். ஆனால் மொறிஸ் மைனர் படத்துக்குக் கீழே பெட்டி கட்டிப் போட்ட குறிப்பை வாசித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. 14 அங்குலமும் நாலு ஓட்டையும் இருந்தால் எந்த அலோய் றிம்மையும், அதாவது அலுமினியக் கலவையில் வார்த்த சில்லையும், மைனருக்குப் போடலாமாம். போன வருஷம் இதே வார்த்தையை ஒரு கடைக்காரர் சொல்ல, நம்பிக் காசு கொடுத்து, நடுவீதியில் நின்றவன் நான்.

என்னுடையது அப்பா வாடகைக்கு, ஹயர் ஓடிய மைனர் 1000. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத நாட்களில் மண்ணெண்ணெயிலும் ஓடியது. அதற்கு அலோய் போட்டுப் பார்க்க வேண்டும் என்று என் பெறாமகனுக்கு ஆசை. எனக்கும் உள்ளூர ஆசைதான், அவனை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய நாலு றிம்மும் 185/60 ரயரோடு வந்தன, அதாவது அகலம் 185 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 வீதம். நட்டு எல்லாம் ஏறின. கொஞ்சம் பிடித்துப் பிடித்து ஏறுவதுபோல் கைக்குத் தெரிந்தது. புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

கைதடி தாண்டி முப்பது மைல் வேகம் வந்ததும் ஸ்ரியறிங் உதறத் தொடங்கியது. சாவகச்சேரிக்கு இந்தப் பக்கம் ஓரங்கட்டிப் பார்த்தால், முன் இடது சில்லில் இரண்டு நட்டைக் கையாலேயே திருக முடிந்தது. சில்லைக் கழற்றி, நட்டின் கூம்பு பதிகிற இடத்தைத் துடைத்துப் பார்த்தோம். வட்டமாகப் பதிந்திருக்க வேண்டிய தடம் ஒரு பக்கத்தில் மட்டும் பிறை மாதிரி மின்னியது.

மைனரின் நாலு ஸ்ரட்டும், அதாவது சில்லு மாட்டி நட்டு ஏற்றும் புரியாணிகள், 4 அங்குல வட்டத்தில் நிற்கின்றன, அதாவது 101.6 மில்லிமீற்றர். இன்றைய சின்ன ஜப்பான் கார்கள் பலவற்றில் அந்த வட்டம் 100 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நட்டை இறுக்கும்போது ஒவ்வொரு ஸ்ரட்டும் 0.8 மில்லிமீற்றர் உள்ளே வளைந்து கொடுத்து ஏறுகிறது, கூம்பில் ஒரு பக்கம்தான் பாரம் தாங்குகிறது. ஓட ஓட நட்டு இளகும், அல்லது ஸ்ரட் களைத்து முறியும். எங்களுக்கு இளகியதோடு போயிற்று, நல்லூரான் புண்ணியம்.

பழைய மினியின் ஸ்ரட் வட்டமும் இதே 4 அங்குலம்தான் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்தக் காரோடு வந்த சில்லு 10 அங்குலம். மினிச் சில்லில் ஸ்ரட் வட்டம் சரி, ஜப்பான் றிம்மில் சில்லின் விட்டம் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் கடையை விட்டு வெளியே வரக்கூடாது. அளப்பதும் பெரிய வேலையில்லை. ஓர் ஓட்டையின் இடது விளிம்பில் தொடங்கி, நேரெதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை வேர்னியர் என்ற நுண்ணளவுகோலால் அளந்தால் வட்டம் தெரிந்துவிடும். பள்ளிக்கூட அடிமட்டத்தை நம்பவேண்டாம்.

அடுத்தது ஸ்ரட்டின் நீளம். மைனரின் ஸ்ரட் 3/8 அங்குலத் தடிப்பு, அங்குலத்துக்கு 24 புரி. தடிப்பின் அளவுக்காவது நட்டு உள்ளே ஏறவேண்டும் என்பது கராஜ்காரர் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அப்படியென்றால் ஒன்பது முழுச் சுற்று. தகர றிம் மெல்லியது, அதற்குக் குறைவில்லை. அலோய் தடித்தது, எங்கள் றிம்மில் எண்ணிப் பார்த்தபோது ஆறு சுற்றோடு நட்டு நின்றது. இதை வாங்குமுன் எண்ணியிருக்க வேண்டும்.

ரயர் கதை வேறு. முன்பு என் காரில் கிடந்தது 155/80. நிற்கும் உயரம் ஏறக்குறைய 604 மில்லிமீற்றர். 185/60 என்றால் 578. ஸ்பீடோமீற்றர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அது போகட்டும். அகலம்தான் வில்லங்கம். மைனரின் பின் மட்கார்ட் சில்லின் மேல்பாதியை மூடிக்கொண்டு நிற்கிறது. காரில் நாலு பேர் ஏறியதும் ரயர் உள் விளிம்பில் உரசியது. பிறகு நான் ஒரு வேலை செய்தேன்: ரொட்டிக்குக் குழைத்த மாவில் கொஞ்சம் எடுத்து மட்கார்ட்டின் உள்ளே ஒட்டி, ஆட்களை ஏற்றி, குண்டும் குழியுமான ஒழுங்கையில் ஒருதரம் ஓடிவந்து பார்த்தேன். மாவு நசுங்கி ரயரின் அச்சே விழுந்திருந்தது. வீட்டில் ஏச்சு விழுந்தது தனி. முன்சில்லுக்கும் இதே மாதிரி, ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முட்ட ஒடித்துப் பார்க்கவேண்டும். றிம்மில் ஈ.ரி. (ET) என்று பொறித்திருக்கும் எண்ணையும் கவனியுங்கள், றிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. அந்த எண் கூடக் கூட சில்லு உள்ளே ஒதுங்கும். முன்சில்லு இழுக்கும் இன்றைய கார்களில் அது பெரும்பாலும் கூடுதல்தான்.

1948ல் இந்தக் காரை அதை வடிவமைத்த இசிகோனிஸ் 14 அங்குலச் சில்லோடு கொண்டுவந்தபோது அது சின்னதாகத் தெரிந்த காலம். அதற்கு முந்திய மொறிஸ் எயிற் காருக்கு 17 அங்குலம். சில்லைச் சின்னதாக்கி நாலு மூலைக்கும் தள்ளியதால்தான் உள்ளே இவ்வளவு இடம் கிடைத்தது, அந்த அளவுக்குத்தான் மட்கார்ட்டும் வளைந்தது.

அலோய் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 4 அங்குல வட்டத்துக்கென்றே துளைத்த 14 அங்குல றிம்மும், நீளமான ஸ்ரட்டும், அந்த றிம்முக்குரிய கூம்பு நட்டும் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பெட்டிக் குறிப்பை நம்பி நாளைக்கே கடைக்குப் போகிற பொடியன்கள் இருப்பார்கள். அடுத்த இதழில் தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள்.

எங்கள் நாலு அலோய் றிம்மும் கராஜ் மூலையில் சும்மா கிடக்கின்றன. 100 மில்லிமீற்றர் வட்டத்துக் கார் வைத்திருப்பவர் யாராவது வந்து கேட்டால் பாதி விலைக்குத் தருவேன். மைனரில் வந்து இறங்குகிறவருக்கு இரட்டை விலை சொன்னாலும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
மைனர்க்கார வாசகர்,
கொடிகாமம்.