‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்டு ஏமாந்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு தூண்கள் நான்கு மாதமாகக் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வேலை நின்றுபோனதற்குக் காரணம் பணம் இல்லாதது அல்ல, நான் கேட்க வேண்டியதைக் கேட்காததுதான்.

2001-ல் நானும் என் கணவரும் கட்டிய வீடு இது. அவர் இப்போது இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் மாடியில் இரண்டு அறை எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். மேஸ்திரியிடம், “அனுமதி வாங்கணுமா?” என்று கேட்டேன். “இப்பதான் எல்லாம் சுயசான்று ஆயிடுச்சேம்மா, யாரும் கேக்க மாட்டாங்க” என்றார். வீட்டுக்காரரே சான்று தந்து அனுமதி வாங்கும் முறையைத்தான் அப்படிச் சொன்னார். அக்கம்பக்கத்தில், “எவ்வளவு ஆகும், யாரைப் பார்க்கணும்?” என்று விசாரித்தேன். ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையை ஆரம்பித்துவிட்டோம்.

வங்கியில் கடன் கேட்கப் போனபோது அங்கிருந்த பொறியாளர் மூன்றே கேள்விதான் கேட்டார். பழைய அனுமதி எந்தத் தளம் வரைக்கும்? பட்டா யார் பெயரில்? மாடிப்படி எங்கே வருகிறது? வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும். பட்டா இன்னும் என் கணவர் பெயரில். படி எழுப்பியிருந்ததோ, காலியாக விட வேண்டும் என்று வரைபடத்தில் குறித்திருந்த கிழக்குப் பக்கச் சந்தில்! படியை இடித்தோம். 65,000 ரூபாய் போயிற்று. இப்போது வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று அலைந்துகொண்டிருக்கிறேன்.

சுயசான்றுத் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமோ முதல் தளமும் சேர்த்தோ, 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெறலாம். நல்ல திட்டம், நடுத்தரக் குடும்பங்களின் அலைச்சலைக் குறைத்திருக்கிறது. ஆனால் அனுமதியே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. விதிப்படி கட்டுகிறேன் என்று சான்று தருவது வீட்டுக்காரர். சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்லும் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இதற்கும் பொருந்தும். நாளைக்குத் தப்பு என்று வந்தால் மேஸ்திரி வந்து நிற்கமாட்டார்.

வீட்டு வேலை தொடங்குகிறவர்களுக்கு, முக்கியமாக என்னைப் போல் தனியாக நின்று கட்டும் பெண்களுக்குச் சொல்கிறேன்: வானம் தோண்டுவதற்கு முன்பே பழைய வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். என் மனை அங்கீகாரம் பெற்றதா, நான் கட்டப்போவது எந்த வகை அனுமதியில் வரும், எங்கள் தெரு அகலத்துக்கு முன்னாலும் பக்கத்திலும் எத்தனை அடி விட வேண்டும், அனுமதி எந்தத் தேதி வரை செல்லும், மாடிக்குத் தனி மின் இணைப்பு கேட்டால் என்னென்ன காகிதம் காட்ட வேண்டும்? பதிலை எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கேள்விகளை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, சொத்து வரி கட்டும் கவுன்டரிலேயே உள்ளாட்சி அலுவலகங்கள் கொடுக்கலாம். தங்கள் நாளிதழும் வாரம் ஒருமுறை வாசகர்களின் கட்டட அனுமதிச் சந்தேகங்களுக்குத் தகுதியானவர்களைக் கொண்டு பதில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி மாவட்டம்.