சாரன் மடியில் எது நிற்கும்?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

மாமாங்கத் தீர்த்தம் முடிந்து நீ போய் இரண்டு மாதமாகிறது. போகும்போது மடக்குகிற வில்லுக்கத்தி இரண்டை என் கையில் திணித்து, "பாவித்துப் பார், பிடித்ததை வைத்துக்கொள், மற்றதைத் தங்கச்சியின் மகளிடம் கொடுத்து விடு" என்றாயே, அதற்கான பதில்தான் இது. மனுசி "இந்த வயதில் விளையாட்டுச் சாமான்" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முதலில் கத்தியின் கைப்பிடியில் உள்ள கிளிப் விசயம். காற்சட்டைப் பையில் கொழுவத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நான் நாள் முழுக்க மருதமுனைச் சாரன். மடியில் கொழுவிவிட்டுக் குனிந்தால் கத்தி காலடியில் கிடக்கும். கடைசியில் காத்தான்குடிக்குப் போய், பை வைத்த அகலப் பெல்ட் ஒன்று வாங்கிவிட்டேன். இப்போது பார்த்தால் என்னைப் புடவைக்கடை முதலாளி என்பாய்.

இரண்டில் செபென்சா என்பதை முதல் வாரம் பாவித்தேன். பாவித்தேன் என்பதைவிட, இரவில் கதிரையில் இருந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. அந்தப் பெயருக்கு சூலு மொழியில் 'வேலை' என்று அர்த்தமாம். அதை உருவாக்கிய கிறிஸ் ரீவ் தென்னாபிரிக்காவில் இருந்து 1989இல் அமெரிக்காவின் ஐடஹோவுக்குப் போன ஆள். கைப்பிடியின் டைட்டேனியத் தகட்டையே வெட்டி, அதுவே வளைந்து திறந்த அலகுக்குப் பின்னால் போய், அலகு மடங்காமல் பூட்டாக நிற்கும்படி செய்திருக்கிறார். தனியாக ஒரு பூட்டுத்துண்டே இல்லை. திருகாணியைக் கழற்றி, வாவி மணலைக் கழுவி, திரும்பப் பூட்டினால் பழையபடி வழுக்கிக்கொண்டு திறக்கிறது. வடிவான சாமான், மச்சான். அதை மறைக்க மாட்டேன்.

மற்றதை எடுக்கத்தான் மனம் வரவில்லை. ஸ்பைடர்கோ கம்பனியின் பாராமிலிட்டரி 2! துணைப்படை என்று அர்த்தம். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு கத்தியைக் கொண்டு திரிவதா? அப்பாவின் பாக்குச் சீவுகிற பேனாக்கத்திக்கே ஒரு சென்றிச் சோதனைச்சாவடியில் அரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தார்களே. நீ அப்போது சைக்கிள் பாரில் இருந்தாய். கத்தி போனது போனதுதான்.

ஆனாலும் எடுத்தேன். எடுத்த பிறகு கீழே வைக்கவில்லை.

என் சுட்டுவிரல் தழும்பு உனக்குத் தெரியும். சந்தையில் வாங்கிய மலிவுக் கத்தி, பூட்டு நழுவி மூன்று தையல். அதிலிருந்து எனக்குப் பூட்டுத்தான் முக்கியம். செபென்சாவை மூடும்போது பெருவிரலால் பூட்டைத் தள்ளிவிட்டு, அலகு வரும் வழியிலிருந்து விரலை விலக்க வேண்டும். ஸ்பைடர்கோவின் பூட்டு கைப்பிடியின் முதுகுப்பக்கம் இருக்கிறது. அழுத்தினால் போதும், விரல் எதுவும் அலகின் பாதையில் இல்லை. கணவாய் பிசுபிசுத்த கையோடு தோணியில் இருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அலகில் உள்ள வட்ட ஓட்டையும் அப்படித்தான், ஈரப் பெருவிரலுக்கும் பிடி கிடைக்கிறது. தங்கூசித் தூண்டில் நூல், உரப்பையின் தையல், மாங்காய் எல்லாவற்றையும் மெல்லிய அலகு சும்மா சீவித் தள்ளுகிறது.

துருவைப் பற்றிக் கேட்டாய். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், கதவுக் கொண்டிகூடத் துருப்பிடிக்கிற இடம் இது. அதில் செபென்சாதான் மேல். நீ தந்ததன் உருக்கு மேக்னாகட், 2021இல் வந்தது. துருவைத் தடுக்கிற குரோமியம் அதில் 11 வீதம்கூட இல்லை. மற்றதன் எஸ்45விஎன் உருக்கில் 16 வீதம். பிறகு எப்படி என்று நானும் குழம்பினேன். குரோமியம் கார்பனோடு சேர்ந்து துகளாகிவிட்டால் துருவைத் தடுக்க உதவாதாம். மேக்னாகட்டில் அப்படிச் சேர விடாமல் கலவையை அமைத்திருக்கிறார்கள். உள்ள குரோமியம் முழுக்கக் காவலுக்கு நிற்கிறது.

இவ்வளவு சொல்லியும் செபென்சாவைத்தான் திருப்பி அனுப்புகிறேன். விலை மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதை எடுத்துக்கொண்டு தோணியில் ஏறினால் எனக்கு மீனில் கவனமில்லை, கத்தியில்தான் கவனம். வாவிக்குள் விழுந்தால் உனக்கு என்ன பதில் சொல்வது? உருக்குக் கொஞ்சம் குறைந்தது என்றாலும் பரவாயில்லை. இரவில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

தங்கச்சியின் மகளிடம் சொல்லிவிட்டேன், கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லி. விமான நிலையத்திலும் ஒரு கத்தி பறிபோக வேண்டாம்.

ஒரு உதவி செய். அப்பாவின் தீட்டுக்கல்லில் இந்த உருக்கைத் தீட்டித் தீட்டிக் கைதான் வலிக்கிறது. இதற்குள் இருக்கும் வனேடியத் துகள்கள் கல்லைவிடக் கடினமாம். வைரத்தூள் பதித்த தகடு ஒன்று அவளிடம் கொடுத்து விடு. சின்னதாய் இருந்தால் போதும், பெல்ட் பைக்குள் இன்னும் இடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்