வழி காட்டிய கைகளுக்கு

மொழி புரியாத ஊரில் வந்து நின்றவர்களுக்கு வழி சொல்லி அனுப்பிய எல்லோருக்கும்,

வணக்கம். உங்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோம். அதனால் செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

எதிரே நின்று கை நீட்டாமல், பக்கத்தில் வந்து அதே திசை பார்த்து நின்று காட்டினீர்களே, முதல் நன்றி அதற்கு. எதிரெதிரே நின்றால் உங்கள் வலக்கை எங்களுக்கு இடப்பக்கம்; பலர் தப்பான தெருவில் நுழைவது இதனால்தான். நீங்கள் இரண்டு விரலைக் காட்டினால், அது இரண்டாவது சந்தா, இரண்டு நிமிடமா, இரண்டு கிலோமீட்டரா? அந்தக் குழப்பம் முகத்தில் தெரிந்ததும் ஒரு துண்டுச்சீட்டைத் திருப்பி நீளமாக ஒரு கோடு, குறுக்கே இரண்டு சின்னக் கோடு, இரண்டாவதன் முனையில் ஒரு புள்ளி. அதற்குமேல் மொழியே தேவைப்படவில்லை.

போகும் இடத்தின் பெயரை உள்ளூர் எழுத்தில் எழுதிக் கொடுத்த விடுதிக்காரர்களுக்கும் நன்றி. சீனத்திலும் தாய்லாந்து மொழியிலும் தொனி மாறினால் சொல்லே வேறாகிவிடும். பத்து முறை உச்சரித்தாலும் புரியாத பெயர், அந்தச் சீட்டைக் காட்டியதும் புரிந்துவிடும். கைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் சீட்டு கையில் இருக்கும்.

பாலித் தீவுக்காரர்களே, உங்கள் பொறுமைக்குத் தனி நன்றி. காஜா என்றால் மலைப்பக்கம், கெலோட் என்றால் கடல்பக்கம். தென்பகுதியில் காஜா வடக்கே இருக்கும், வடகரைக்குப் போனால் அதுவே தெற்கு. திசைகாட்டியை வைத்துக்கொண்டு திணறியவர்களுக்கு மலையையே காட்டிப் புரியவைத்தீர்கள்.

‘தெரியாது’ என்று சொன்னவர்களை மறக்கவே முடியாது. “இதுதானே வழி?” என்று கேட்டால், மனம் நோகக்கூடாதென்று ஆமாம் சொல்லிவிடுபவர்கள் நிறைய. இடத்தின் பெயரைச் சொல்லி “எங்கே?” என்று மட்டும் கேட்பதுதான் சரியான முறை. தலையாட்டலை நம்பவும் முடியாது: பல்கேரியாவில் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலே தூக்கினால் இல்லை.

முழு வழியையும் ஒருவரிடமே கேட்டால் மூன்றாவது திருப்பத்திலேயே மறந்துபோகும். முதல் இரண்டு திருப்பத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, அடுத்த முனையில் இன்னொருவரைக் கேட்பதே எங்கள் வழக்கம். அந்த முனைகளில் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தவர்களுக்கு, “இப்படியில்லை, திரும்புங்கள்” என்று கையைச் சுழற்றிக் காட்டியவர்களுக்கு, மிக்க நன்றி.

அன்புடன்,
உங்களிடம் வழி கேட்ட பயணிகள்