கடைகளுக்கு மேலே ஒரு கோவில்

அன்புள்ள சேவியர்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். நாங்களும் இத்தாலியிலிருந்து வந்துவிட்டோம். மற்ற ஊர்களை நேரில் பேசிக்கொள்ளலாம், ஜெனோவாவைப் பற்றி மட்டும் உனக்கு இப்போதே எழுத வேண்டும்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பியாட்சா பாங்கி என்று ஒரு சின்னச் சதுக்கம், ஒரு காலத்தில் காசு மாற்றுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்த இடம். அங்குள்ள சான் பியெத்ரோ கோவிலுக்குப் படியேறித்தான் போக வேண்டும், ஏனென்றால் அதன் அடியில் வரிசையாகக் கடைகள்! பழைய கோவில் 1398இல் எரிந்துபோய், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் மறுபடி எழுப்பியபோது கையில் காசில்லை, அதனால் கீழ்த்தளத்துக் கடைகளை விற்று அந்தப் பணத்தில் மேலே கோவிலைக் கட்டியிருக்கிறார்கள். சிலருக்கு இது முகம் சுளிக்க வைக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஊர்க்காரர்கள் சாமியிடமும் மறைக்கவில்லை.

கொஞ்சம் மேலே சான் மத்தேயோ, 1125இல் தோரியா குடும்பம் தங்களுக்கென்று கட்டிய கோவில். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முகப்பில், கடற்போரில் யாரை ஜெயித்தோம் என்று எழுத்து எழுத்தாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கடற்படைத் தலைவர் அந்திரேயா தோரியாவின் கல்லறையும் இங்கேதான், பீடத்துக்குக் கீழே நிலவறையில். ஜேசு கோவிலில் ரூபன்ஸ் வரைந்த பெரிய படங்கள் இருக்கின்றன, வரையச் சொன்னது பல்லவிசீனோ என்ற வங்கிக் குடும்பம்.

அப்புறம் சான் லொரென்சோ பேராலயம். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கப்பற்படை சுட்ட பெரிய குண்டு ஒன்று சுவரைத் துளைத்து உள்ளே விழுந்து வெடிக்காமலே கிடந்ததாம், அதை வலது பக்க நடையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அங்கே பூசைக்கு வந்த பாட்டிகள் அதைத் தாண்டி இயல்பாக நடந்துபோகிறார்கள்.

உன் தம்பியின் கப்பல் அந்தப் பக்கம் போகும் என்று சொன்னாயே, ஜெனோவாவில் நின்றால் காலையிலேயே இறங்கிப் போகச் சொல், மத்தியானம் பல கோவில்களைப் பூட்டிவிடுகிறார்கள். அவன் எப்போது கிளம்புகிறான் என்று எழுது.

அன்புடன்,
ராஜா