காணிக்கை முதலில் பிள்ளையின் வீட்டுக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கும் இந்நாட்களில் நீலகிரியின் ஆலயங்களில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென்று தனிக் காணிக்கை எடுக்கப்படுகிறது. சபை மக்கள் போர்வையும் கம்பளிச் சட்டையும் தின்பண்டங்களும் வாங்கிக்கொண்டு குழந்தைகள் இல்லங்களுக்குச் சென்று வருகிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும், இந்த மலையில் நெடுங்காலம் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையிலும், கிறிஸ்தவச் சபையொன்றின் உறுப்பினர் என்ற முறையிலும், அந்தக் காணிக்கையில் பெரும்பங்கு இல்லத்துக்குப் போகும் முன்பே பிள்ளையின் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

என்னிடம் படித்த இல்லத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தாய் இருந்தார். சிலருக்குத் தாய் தந்தை இருவருமே இருந்தார்கள். அவர்களை இல்லத்துக்குக் கொண்டுவந்தது வறுமை. தேயிலைத் தோட்டங்களில் லைன் வீடு, அதாவது தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்குத் தரும் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. வேலையில் இருந்தவர் இறந்துவிட்டாலோ குடும்பத்தை விட்டுப் போய்விட்டாலோ கூலியோடு கூரையும் கேள்விக்குறியாகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுந்து கொழுந்து குறையும்போது தற்காலிகத் தொழிலாளியான பெண்ணுக்கு வேலை நாட்களும் குறைகின்றன. கூடலூர், பந்தலூர் பக்கம் யானை தாக்கிக் குடும்பத் தலைவரை இழந்த வீடுகள் உண்டு. இலங்கைத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில், மூன்றாம் தலைமுறையிலும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் பலர். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போகும் தாய், பிள்ளையை எங்கே விட்டுச் செல்வது என்று தவிக்கும்போது, ஜூன் மாதத்தில் திறந்திருப்பது இல்லத்தின் கதவு ஒன்றுதான். அவர் பிள்ளையைக் கைவிடவில்லை. அதற்கு மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கட்டும் என்றுதான் விட்டுச் செல்கிறார்.

நம் முன்னோரின் பணியைக் குறைத்துச் சொல்வது என் எண்ணமன்று. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் என்னும் கிறிஸ்தவ அமைப்பின் ஊழியர்கள் 1846-இல் உதகைக்கு அருகிலுள்ள கேத்தியில் பணி தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் பணிபுரியும் பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி என்னும் கன்னியர் சபை 1877-இல் நம் உதகையில்தான் பிறந்தது. ஏழை ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்காக 1914-இல் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் இல்லங்கள் 1922-இல் கேத்திக்கு இடம் மாறின. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் பெற்றோரை இழந்து அலைந்த பிள்ளைகளுக்கு மிஷன் இல்லங்களைத் தவிர வேறு போக்கிடம் இருந்ததா? மதிய உணவு இல்லை, இலவசப் பாடநூல் இல்லை, மலைக் கிராமத்தில் பள்ளியே இல்லை. அந்தக் காலத்துக்கு அந்த இல்லங்கள்தான் பொருத்தமான விடை.

இன்று நிலைமை வேறு. அரசுப் பள்ளியில் மதிய உணவும் சீருடையும் பாடநூலும் பேருந்து அட்டையும் கிடைக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சோறும் உறுதியாகியிருக்கிறது. ஏழைத் தாய்க்கு இன்னும் குறைவாக இருப்பவை இரண்டு: கூலி இல்லாத வாரங்களைக் கடக்கச் சிறிது ரொக்கப் பணம், தோட்டத்திலிருந்து தாம் வீடு திரும்பும்வரை பிள்ளை பாதுகாப்பாக இருக்க ஓர் இடம். இவ்விரண்டையும் கொடுக்க நம் சபைகளால் முடியும். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் ஆலய மண்டபங்கள் எத்தனை தோட்டங்களின் அருகில் இருக்கின்றன என்பதைச் சபைப் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும். மாலை நான்கு மணியிலிருந்து ஆறரை மணிவரை விளக்கும் பாயும், சுண்டலும் தேநீரும், பாடம் சொல்லித்தரப் படித்த பெண்கள் இருவரும் இருந்தால் போதும். பல பிள்ளைகள் தாயைப் பிரிய வேண்டிய தேவையே இராது.

சட்டமும் இதையே சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், வேறு எல்லா வழிகளையும் ஆராய்ந்த பிறகே, கடைசி வழியாக, ஒரு பிள்ளையை நிறுவனத்தில் சேர்க்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு நிதி ஆதரவு அளிப்பதற்கு 45-ஆம் பிரிவும், குழந்தைகள் இல்லம் எதுவாயினும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதற்கு 41-ஆம் பிரிவும் உள்ளன. தமிழக அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது குறித்து 2007-இல் தொடங்கிய வழக்கில், 2017 மே 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எல்லா இல்லங்களும் அவ்வாண்டின் இறுதிக்குள் பதிவு பெற வேண்டும் என்று உத்தரவிட்டதை இல்லங்களுக்கு நன்கொடை அளிப்போர் மறந்துவிடக் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது அவநம்பிக்கை அன்று. அது பிள்ளைக்குச் செய்யும் காவல்.

நடுவண் அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளை, தீராத நோயில் கிடப்பவரின் பிள்ளை ஆகியோருக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும் மற்றப் பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மிகாதிருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ளவர்களுக்கும் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. ஒரு தாய் பிள்ளையைத் தம்மோடு வைத்துக்கொள்வதா, இல்லத்தில் விடுவதா என்று முடிவு செய்யும் நேரத்தில் இத்தொகை சிறியதன்று.

ஆனால் இந்தப் பணம் அந்தத் தாயிடம் போய்ச் சேரும் வழியில் எத்தனை தாள்கள் குறுக்கே நிற்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று வேண்டும்; அவர் வேறு மாவட்டத்தில் இறந்திருந்தால் அதைப் பெறவே அலைய வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பள்ளியில் படிக்கும் சான்று, வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றிலும் பெயர் ஒரு விதமாக இருக்கும், தலைப்பெழுத்து மாறியிருக்கும், பிறந்த தேதி பொருந்தாது. கணவர் உயிரோடு எங்கோ இருக்கிறார், ஆனால் வருவதில்லை என்னும் பெண்ணின் பாடு இன்னும் கடினம். அவரிடம் இறப்புச் சான்றும் இல்லை, மணமுறிவுத் தீர்ப்பும் இல்லை. கைவிடப்பட்ட பெண் என்ற சான்றை வட்டாட்சியரிடம் பெறலாம் என்பதோ, இ-சேவை மையத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதோ அவருக்குத் தெரியாது. நிதி ஆதரவுக்கான விண்ணப்பத்தைக் கவனிக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் பந்தலூரிலிருந்து உதகை வந்து போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அன்றைக்கு அதிகாரி முகாமுக்குச் சென்றிருந்தால் இன்னொரு நாளும் போகும். இத்தகைய பெண்ணோடு துணையாகப் பேருந்தில் ஏறி, படிவத்தை நிரப்பி, அலுவலகத்தில் அவருக்காகப் பேசும் ஒருவர், நூறு கம்பளிகள் வழங்குபவரைவிட அந்தப் பிள்ளைக்கு அதிகம் செய்தவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சபைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வருவாய்த் துறையில் பணியாற்றியவர்கள் இருக்கிறோம். எங்களிடம் நேரமும் இருக்கிறது, தாள்களைக் கையாண்ட பழக்கமும் இருக்கிறது.

இது கிறிஸ்தவ மரபுக்குப் புதிதுமன்று. விவிலியத்தில் யாக்கோபு தம் நிருபத்தில் (கடிதத்தில்) திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்தே சொல்கிறார். பிள்ளையை ஒரு பக்கமும் தாயை ஒரு பக்கமும் பிரித்து வைத்து இரக்கம் காட்டச் சொல்லவில்லை. 1833-இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் அடிப்படை வழக்கமே ஏழைகளை அவர்களுடைய வீட்டில் சென்று பார்ப்பதுதான். அதன் கிளைகள் நம் கத்தோலிக்கப் பங்குகளில் (ஊர்ச் சபைகளில்) இன்றும் இயங்குகின்றன. ஒவ்வொரு வேளையும் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சேர்த்துக் கொடுக்கும் பிடியரிசிப் பழக்கம் நம் பெண்களுக்குத் தெரியும். வெளிநாட்டு நிதியை நம்பியிருந்த பணிகள் ஒரே நாளில் நின்றுபோகலாம் என்பதையும் நாம் கண்டோம்: கம்பேஷன் இன்டர்நேஷனல் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவக் குழந்தைநல அமைப்பு 2017-இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, சொந்த வீட்டில் இருந்துகொண்டே உள்ளூர்ச் சபைகளின் வழியாக உதவி பெற்றுவந்த சுமார் 1,45,000 பிள்ளைகள் அந்த ஆதரவை இழந்தனர். அந்தப் பிள்ளைகளின் ஊர்களில் ஆலயங்கள் இருக்கின்றன. விசுவாசிகள் தம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகத் தரும் தசமபாகமும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாமே பொறுப்பேற்க வேண்டும். மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்குத் தனியாரும் அறக்கட்டளைகளும் மாவட்ட நிர்வாகத்தின் வழியே பணம் அளிக்கலாம் என்று அதன் நெறிமுறைகள் கூறுவதால், ஒரு சபை இரண்டு குடும்பங்களையேனும் முறையாகத் தத்தெடுத்துத் தாங்க வழி இருக்கிறது.

உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகளும், சொந்த வீட்டில் அடியும் கொடுமையும் அனுபவிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லம் வேண்டும். அது நல்ல இல்லமாகவும் இருக்க வேண்டும். அப்போதும் பாட்டி, சித்தி, மாமா என்று உறவில் ஒருவரையாவது தேடிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள் காப்பகத்திலேயே இருந்தவர்களைவிட அறிவு வளர்ச்சியிலும் உறவுப் பிணைப்பிலும் முன்னேறினர் என்று காட்டியது. பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளின் பிள்ளைகளைத் தொலைதூர நகரத்து இல்லங்களுக்குக் கொண்டுபோகும்போது பெற்றோரோடு அவர்களுடைய பேச்சும் காட்டறிவும் சேர்ந்தே பறிபோகின்றன. இது என் மனத்தை மிகவும் வருத்தும் செய்தி. இல்லத்தில் வளர்ந்தவருக்கு 18 வயதாகும் நாளில் நம் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அவருக்கு 21 வயதுவரை பிற்காப்பு உதவி, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறிய பின் காலூன்றுவதற்கான உதவி, பெறச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

உதவி பெறும் குடும்பம் எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும், ஆலயத்துக்கு வர வேண்டும் என்பதை அதற்கு ஈடாக எவரும் எதிர்பார்க்கக் கூடாது. பசித்தவனின் தேவையை வைத்து அவன் மனத்தை விலைபேசுவது கிறிஸ்துவுக்கு அடுத்த செயலாகாது.

நிறைவாக, தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள்கள். டிசம்பரில் இல்லங்களில் பரிசு வழங்கும் படங்களில் பிள்ளைகளின் முகம் தெரிகிறது, பெயரும் ஊரும் அச்சாகின்றன. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ விதிக்கலாம். அத்தகைய படங்களைத் தவிர்த்துவிட்டு, அதே இடத்தில், நிதி ஆதரவுக்கு யார் தகுதியுடையவர், என்னென்ன சான்றுகள் வேண்டும், எந்த அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும், அவசரத்துக்கு 1098 என்ற இலவச எண்ணை அழைக்கலாம் என்னும் விவரங்களை எளிய தமிழில் வெளியிட்டு உதவுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி ஆலய அறிவிப்புப் பலகையிலும் தொழிலாளர் வருகைப் பதிவு எடுக்கும் தோட்டத்து மஸ்டர் கொட்டகையிலும் ஒட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோத்தகிரி