மின்சார மேளமும் எங்கள் நாயனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேளத்தையும் மணியையும் மோட்டாரால் அடிக்கும் மின்சார மேளம் கோயில்களுக்கு வந்துவிட்டது. அது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் மகன் படித்துக் காட்டினான். "தீபாராதனைக்குத் தேவை ஓசைதான், அது தவில்காரர் கையிலிருந்து வந்தால் என்ன, மோட்டாரிலிருந்து வந்தால் என்ன?" என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டான். நான்தான் மேலே படிக்கச் சொன்னேன். பரம்பரையாக நாயனம், அதாவது நாகஸ்வரம், வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். பதில் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே நடை. சுவாமி புறப்பாடு அப்படியா நடக்கிறது? கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எடுக்கும்போது எங்கள் கண் பல்லக்குச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் தோள்மேல்தான் இருக்கும். அவர்கள் கால் போகிற போக்குக்கு எங்கள் வாசிப்பின் வேகமும் மாறும். வீதியில் ஒரு வீட்டு அம்மாள் அர்ச்சனைத் தட்டோடு வந்து நின்றால் பல்லக்கும் நிற்கும். அவர் பேரன் பேத்திகளின் பெயர், நட்சத்திரமெல்லாம் சொல்லி முடிக்கும்வரை ராகத்தை வளர்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் விழுகிற ஒரு ஸ்வரப் பிடி, அதற்கு முன் வாசித்ததாக இராது. மறுநாள் கேட்டால் வாசித்த எனக்கே வராது. ராக ஆலாபனை வளர்ந்தது இந்த வீதிகளில்தான் ஐயா. தோடி ராகம் என்றாலே நினைவுக்கு வரும் நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் இந்த மரபில் வந்தவர்தானே.

ஓசை போதுமென்றால், தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரத் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இரண்டு பேரையும் வைத்து ராஜராஜ சோழன் எதற்காக நாள்தோறும் நெல் அளந்தான்? அந்தக் கல்வெட்டு தாங்கள் அறியாததல்ல. சூலை நோயில் துடித்த அப்பர் பெருமான், நீரையும் பூவையும் தூபத்தையும் மறந்ததில்லை என்று சொன்ன கையோடு, தமிழோடு இசை பாடலையும் மறந்ததில்லை என்றார். பாட்டை அவர் வைத்த இடம் அது. ஆந்திரத்துக் கரவடியில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகேப், ஸ்ரீரங்கத்துக்கு வந்து குடியேறி, 1982-இல் அங்கேயே நாகஸ்வரம் கற்பிக்கப் பள்ளியும் தொடங்கினார். ரங்கநாதர்மேல் அவருக்கு இருந்த பக்தி எந்த வழியாக வந்தது? நாயனத்தின் வழியாகத்தான்.

என் அப்பா எங்கள் ஊர்க் கோயிலில் வாசித்துவந்தார். என் அக்காவுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன அன்றும் பள்ளியறைக்குப் போனார். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவாமியை உறங்கவைக்க வாசிக்கும் நீலாம்பரி ராகம் வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் முடியும், அன்று முடியவே இல்லை. குருக்கள் கதவைச் சாத்தாமல் காத்து நின்றார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மனிதனுக்குத் துக்கம் வந்தால் சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அப்பாவுக்கு அந்த இடம் சுவாமி சந்நிதி, பேச்சு நாயனம். இதை எந்த மோட்டாரில் பூட்டுவீர்கள்?

"வாசிக்க ஆள் கிடைக்கவில்லை" என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எப்படிக் கிடைக்கும்? நான் வேலை பார்த்த கோயிலில் தந்த சம்பளம் பஸ் செலவுக்கும், நாயனத்தில் ஊதும் சீவாளிக்கும் சரியாகப் போனது. என் மகனுக்கு வர்ணம் வரை சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நல்ல மூச்சு அவனுக்கு. இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கல்யாண வீடுகளிலோ, பிலஹரி ராகம் பாதியில் இருக்கும்போதே "போதும் நிறுத்துங்க, லைட் மியூசிக்காரங்க மைக் செட் பண்ணணும்" என்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் விரலை ஆட்டினால் கெட்டிமேளம் கொட்டுவதற்கு மட்டும் நாங்கள் வேண்டும். என் சின்ன வயதில் எங்களுக்குப் பந்தியில் தனியாக இலை போட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டுதான் வாசித்தோம். தங்கள் மார்கழி இசைச் சிறப்பிதழிலும் எங்களுக்கு ஒதுக்குவது கடைசிப் பக்கம்தான். அதற்காக இதுவரை நான் கடிதம் எழுதியதில்லை.

நான் வேலை பார்த்த அந்தக் கோயிலிலும் இப்போது மின்சார மேளம் வந்துவிட்டது. உபயதாரர் பெயரை அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அங்கே வாசித்த யாருடைய பெயரும் எந்தச் சுவரிலும் கிடையாது.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதே கட்டுரையோடு ஒரு தேர்த் திருவிழாப் படம் போட்டிருந்தீர்கள். வடம் பிடித்துத் தொடங்கி வைத்த பிரமுகரின் பெயர் இருந்தது. முன்னால் நின்று வாசித்த இரண்டு நாயனக்காரர்களுக்கும் இரண்டு தவில்காரர்களுக்கும் சேர்த்து "மங்கல இசை முழங்க" என்று மூன்று சொற்கள். இனிமேல் இப்படிப் படம் போடும்போது அவர்கள் பெயரையும் போடுங்கள். தங்கள் நிருபர் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோயில் நாகஸ்வரக்காரர்,
கும்பகோணம் வட்டம்