குறுவள மையக் கூட்டத்தில் முதல் ஐம்பது நிமிடம்

குறுவள மையக் கூட்டங்களை நடத்தும் ஆசிரியப் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இந்தக் கூட்டத்தின் முதல் ஐம்பது நிமிடத்தைப் பிள்ளைகளின் நோட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டு எழுதுகிறோம். சுற்றறிக்கை அதன்பின் வரட்டும். நோட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளினால் எல்லார் கண்ணும் பஸ் நேரத்தில் இருக்கும்.

ஆனால் நோட்டை நடுவில் வைத்துச் சும்மா பேசினால் பேச்சு "வீட்டில் யாரும் கவனிப்பதில்லை" என்பதில் போய் நின்றுவிடும். அதற்குத்தான் ஒரு முறை வேண்டும். 1990-களில் அமெரிக்கப் பள்ளிகளில் உருவான ‘டியூனிங் புரோட்டோகால்’, அதாவது ஓர் ஆசிரியர் பிள்ளைகளின் வேலையைச் சக ஆசிரியர்களிடம் காட்டி வரிசைப்படி கருத்துக் கேட்கும் முறை, இதற்கு நல்ல அடிப்படை. அதை ஒட்டி ஒரு நேரக் கணக்கு சொல்கிறோம்.

எட்டுப் பேர் ஒரு குழு. ஒருவர் நோட்டு கொண்டுவருபவர், ஒருவர் நேரம் பார்க்கும் நெறியாளர். மூன்று பிள்ளைகளின் ஒரே கணக்கு, பெயரை மறைத்து, ஆளுக்கொரு ஜெராக்ஸ். கொண்டுவந்தவர் 5 நிமிடத்தில் பாடத்தையும் தன் கேள்வியையும் சொல்வார். விவரம் கேட்க 5. பேசாமல் நோட்டைப் படிக்க 10. பிறகு 20 நிமிடம் மற்றவர்கள் பேசுவார்கள். கொண்டுவந்தவர் வாய் திறக்கக் கூடாது, குறிப்பு மட்டும் எடுக்கலாம். அவர் பதில் சொல்ல 5, முறை எப்படி நடந்தது என்று பார்க்க 5.

402-இல் 178-ஐக் கழிக்கச் சொன்ன கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் 376, இன்னொன்றில் 274, மூன்றாவதில் 224. முதல் இரண்டும் தப்புதான், ஆனால் ஒரே தப்பு இல்லை. 376 போட்ட பிள்ளை எல்லா இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 274 போட்ட பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தில் பூஜ்யம் இருந்ததால் நேரே நூறிலிருந்து வாங்கி, அதை ஒன்றுக்கே கொடுத்துவிட்டது; பத்தில் 0-இலிருந்து 7 போகாததால் அங்கே 7 என்றே போட்டுவிட்டது. முதல் பிள்ளைக்குப் பத்துக் குச்சி கொண்ட கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவதற்கு, நூறை முதலில் பத்துப் பத்துகளாக மாற்றும் அந்த ஒரு படி போதும். இருவரையும் "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டால் இது எதுவும் கண்ணில் படாது. அதனால் அந்த 20 நிமிடத்தில் முதல் 7 நிமிடம் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல விடுங்கள். காரணமும் யோசனையும் பிறகு.

இது கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. விவரம் கேட்கும் நேரத்தில் "குச்சி வைத்துச் சொல்லிக் கொடுத்தீர்களா, டீச்சர்?" என்பது கேள்வி இல்லை, அறிவுரை, நெறியாளர் அங்கேயே நிறுத்த வேண்டும். கொண்டுவந்தவர் நடுவில் விளக்கம் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் நோட்டை விட்டு அவரைச் சமாதானப்படுத்தப் போய்விடுவார்கள். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டாலே இது பெரும்பாலும் தீரும். வகுப்பின் அழகான நோட்டைக் கொண்டுவந்தால் பாராட்டைத் தவிர எதுவும் மிஞ்சாது.

தலைமையாசிரியரோ நீங்களோ முதலில் பேசினால், அதற்கு மாறாக யாரும் சொல்ல மாட்டார்கள். தயவுசெய்து கடைசியில் பேசுங்கள். அந்த நோட்டில் இருப்பதை வைத்து யாருக்கும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போகாது என்று முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வார்த்தை கிடைக்காமல் 376 போட்ட நோட்டை யாரும் பையிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்